மரமேறிய வைஃபை

நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில், அன்னபூர்ணா மலைகளின் பக்கம் நாங்கி என்றொரு ஊர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்க்காரர் ஒரு மின்னஞ்சல் பார்க்க வேண்டுமென்றால், பல மணி நேரம் மலையிறங்கி, பஸ் பிடித்துப் பொக்காரா போக வேண்டும். ஊரில் டெலிபோனே கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது! 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நன்கொடையாக வந்த பழைய பெட்டிகள் அவை. ஓடையில் சிறு ஜெனரேட்டரை வைத்து, தண்ணீரில் மின்சாரம் எடுத்து ஓட்டினார்கள். பிறகு உதிரிப் பாகங்களை வாங்கி, தச்சர் செய்து கொடுத்த மரப்பெட்டிக்குள் பொருத்தி இன்னும் சில கம்ப்யூட்டர்களை உருவாக்கினார்கள்.

இத்தனைக்கும் பின்னால் நின்றவர் மகாபீர் புன். 1955-இல் அதே ஊரில் பிறந்து, பல ஆண்டுகள் வாத்தியாராக இருந்து, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1992-இல் ஊர் திரும்பியவர். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2001-இல் பிபிசிக்கு அவர் ஒரு மின்னஞ்சல் போட்டார்: மலையுச்சி ஊருக்குக் குறைந்த செலவில் இணையம் கொண்டுவர வழி உண்டா? அது வெளியானதும் பல நாடுகளிலிருந்து யோசனைகள் வந்தன. 2002-இல் தன்னார்வலர்கள் சிலர் நேரிலேயே வந்துவிட்டார்கள். நாங்கிக்கும் பக்கத்து ஊரான ராம்சேக்கும் இடையில் முதல் சோதனை நடந்தது.

கையில் இருந்தது சாதாரண வைஃபைதான். வீட்டுக்குள் நூறு மீட்டர் தாண்டத் திணறும் அந்த அலையை, டிவி டிஷ்ஷை ஆன்டெனாவாக்கி ஒரே திசையில் குவித்தால் பல கிலோமீட்டர் போகும். ஒரே நிபந்தனை: இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சமவெளியில் இதற்கு உயரமான கோபுரம் கட்டியாக வேண்டும். இங்கே கோபுரமாக மலையே நின்றது. மரத்தின் உச்சியில் டிஷ்ஷைக் கட்டினால் போதும். பொக்காராவிலிருந்து வரும் அலையை மோஹரே டாண்டா போன்ற முகடுகளில் வாங்கி, கீழே உள்ள ஊர்களுக்குப் பிரித்துவிட்டார்கள்.

இப்படிச் சொன்னால் எளிதாகத் தெரிகிறது. முகட்டில் மின்சாரம் ஏது? சோலார் தகட்டையும் பேட்டரியையும் முதுகில்தான் சுமந்து ஏற்ற வேண்டும். மின்னல் தாக்கினால் கருவி கருகிப்போகும். மறுபடி சுமக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், மின்னலைவிடப் பெரிய தொல்லை சட்டம்தான். அப்போது மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வயர்லெஸ் கருவி வைத்திருந்தால் ராணுவமும் சந்தேகப்படும், மாவோயிஸ்டுகளும் சந்தேகப்படுவார்கள். உரிமம் வாங்கும் வசதி கிராமத்துக்கு இல்லை. கருவிகளைக் கள்ளத்தனமாகத்தான் நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கைப்பற்றியபோது நாடு முழுக்க போனும் இணையமும் துண்டிக்கப்பட்டன. 2006-இல் மன்னர் பணிந்து ஜனநாயகம் திரும்பிய பிறகே கட்டுப்பாடு தளர்ந்தது.

அந்தக் கம்பியில்லா வலை ஊருக்கு என்ன செய்தது? மாடும் எருமையும் விற்க ஆள் தேடினார்கள். கிராமச் சுகாதாரப் பணியாளர் காத்மாண்டு மாடல் மருத்துவமனை டாக்டருடன் திரை வழியே பேசினார். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்த முடிந்தது. 2007-இல் மகாபீருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

நம் தேனி மாவட்டத்திலும் இதே உத்தி பலித்திருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப் பார்வை மையங்களை, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. அங்கே வலையைப் பராமரிக்க ஒரு மருத்துவமனை இருந்தது. நாங்கியில் அந்த வேலை ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது. நன்கொடையாகக் கருவி தர ஆள் கிடைக்கும். மூன்று வருடம் கழித்துச் செத்துப்போன பேட்டரியை மாற்ற யார் காசு கொடுப்பார்கள், யார் மலையேறுவார்கள்? உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பயன்படுத்துபவர்களிடம் கட்டணம் வாங்கிய இடத்தில்தான் இப்படிப்பட்ட வலைகள் தாக்குப்பிடிக்கின்றன. இலவசமாகத் தருகிறோம் என்று தொடங்கும் திட்டங்களை நான் நம்புவதில்லை.

உரிமமில்லாத கருவிகளோடு வேலையைத் தொடங்கிய மகாபீர் புன், 2025 செப்டம்பரில் நேபாள இடைக்கால அரசின் கல்வி, அறிவியல், தொழில்நுட்ப அமைச்சராகப் பதவியேற்றார்.