தோற்சுவடிகளில் உறங்கிய இசை

ஓசையானது பிறந்த கணத்திலேயே மறைவது. மனிதன் தன் நினைவிலே அதைத் தாங்கினாலன்றி அது அழிந்தே போகும். ஏனெனில் அதை எழுதிவைத்தல் இயலாது. ஏழாம் நூற்றாண்டிலே ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில் மேற்றிராணியாராக விளங்கிய இசிதோர் என்னும் பேரறிஞரின் கருத்து இது. அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகள் செல்லுமுன்னரே ஐரோப்பியத் துறவிகள் பாட்டைத் தோலிலே எழுதத் தொடங்கிவிட்டனர். ஆயின், இசிதோர் கூறியது முற்றும் பொய்த்துவிட்டதா? அச்சுவடிகளின் வரலாற்றை நோக்குமிடத்து அவ்வாறு கூற நாம் துணியோம்.

மடத்தில் வளர்ந்த பாட்டு

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின்படி, துறவிகள் பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி வழிபட வேண்டும். 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துள் ஓதி முடிக்க வேண்டும். இவ்வழிபாட்டிலே பக்கவாத்தியமின்றி, அனைவரும் ஒரே குரலாய் இலத்தீன் மொழியிற் பாடிய பாட்டே ‘கிரகோரிய கீதம்’ எனப்படுவது. 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த கிரகோரியாரின் செவியிலே ஒரு புறா வந்து இவ்விசையை ஓதியது என்பது ஐதிகம். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில், உரோமாபுரியின் இசை வடக்கே பிராங்கியர் நாட்டுக்குச் சென்று அங்குள்ள இசையோடு கலந்து உருப்பெற்றது என்பதே ஆராய்ச்சியாளர் துணிபு.

இத்துணைப் பாடல்களையும் நெஞ்சிலே நிறுத்துவது எளிதன்று. சுவிற்சர்லாந்திலுள்ள சென்ற் கால் மடத்திலே வாழ்ந்த நொற்கர் என்னும் துறவி தம் இளமைத் துன்பத்தை எழுதிவைத்துள்ளார். ஓர் உயிரெழுத்தையே நீட்டி நீட்டிப் பாடும் நெடிய இசைக்கோவைகள் அவர் நினைவில் நில்லாது நழுவின. அக்காலத்தில் நோர்மானியர் ஜுமியேஜ் மடத்தைப் பாழாக்க, அங்கிருந்து வந்த குருவானவர் ஒருவர் தம் பாடற்சுவடியையும் உடன்கொணர்ந்தார். அதிலே அவ்விசைக்கோவைகளுக்குச் சொற்கள் பொருத்தப்பட்டிருந்தன. அதனைக் கண்ட நொற்கர், ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அசை என்னும் முறையிலே தாமும் பாடல்கள் யாத்தார்.

ஊமைக் குறிகள்

அம்மடத்து நூலகத்திலே பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட 359ஆம் இலக்கச் சுவடி இன்றும் உளது. பாடலின் சொற்களுக்கு மேலே சிறு கோடுகளும் புள்ளிகளும் கொக்கிகளும் காணப்படுகின்றன. இவற்றுக்கு ‘நியூம்’ என்று பெயர். சைகை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்பர். இவற்றின் அருகே சிற்றெழுத்துக்களும் உண்டு: ஒன்று ‘விரைந்து பாடு’ என்னும்; மற்றொன்று ‘தாங்கிப் பாடு’ என்னும்.

இத்துணை நுட்பம் வாய்ந்த குறிகள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் காட்டின. எத்துணை ஏறுகிறது என்பதைக் காட்டவில்லை. குருமுகமாகக் கேட்டறிந்தவனுக்கு அவை நினைவூட்டி; கேளாதவனுக்கோ ஊமை.

கோடு வந்தது

இக்குறையை நீக்கியவர் பதினோராம் நூற்றாண்டிலே இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் வாழ்ந்த கீதோ என்னும் துறவி. கோடுகளை வரைந்து, அவற்றின் மேலும் இடையிலும் சுரங்களை நிறுத்தினார்; ஒரு கோட்டுக்குச் செந்நிறமும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தீட்டினார். புனித அருளப்பரைப் போற்றும் பாடல் ஒன்றின் ஆறு பகுதிகளின் முதலசைகளைக் கொண்டு ‘உத், ரே, மி, பா, சொல், லா’ எனச் சுரங்களுக்குப் பெயரிட்டார். பத்தாண்டு பயின்றும் கைவராத கலை ஓரிரண்டு ஆண்டுகளிற் கைவரும் என்றார். பத்தொன்பதாம் அருளப்பர் என்னும் பாப்பரசர் அவரை அழைத்து, தாம் முன் கேட்டறியாத அடியொன்றைச் சுவடி பார்த்துத் தாமே பாடி வியந்தாராம்.

பெற்றது பெரிது, இழந்ததும் சிறிதன்று. சுரத்தின் உயரம் தெளிவாகியது. ஆனால் நீட்டலையும் விரைவையும் உணர்த்திய பழைய நுண்குறிகள் மெல்ல மறைந்தன. 1614–15இல் உரோமாபுரியில் அச்சான பதிப்பிலே நெடிய இசைக்கோவைகள் பலவும் வெட்டிக் குறுக்கப்பட்டன.

மீட்ட கரங்கள்

1833இலே பிரான்சிலுள்ள சொலேம் மடத்துக்குக் கெராஞ்ஜே என்னும் குரு புத்துயிர் அளித்தார். அவர் வழிவந்த துறவிகள் நூலகந்தோறும் சென்று சுவடிகளைப் பிரதிசெய்தனர். 1847இல் மொன்பெலியே நகரிலே அறியப்பட்ட பதினோராம் நூற்றாண்டுச் சுவடியொன்று அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. அதிலே ஒவ்வொரு பாடலுக்கும் பழைய குறிகளும், சுரத்தின் உயரத்தைக் காட்டும் நெடுங்கணக்கு எழுத்துக்களும் ஒருங்கே இருந்தன. ஊமை வாய்திறந்தது!

மொக்கெரோ என்னும் துறவி 1889 முதல் சுவடிகளின் ஒளிப்படங்களை நூல்களாக வெளியிட்டார். ஒரே பாடலை இருநூறுக்கு மேற்பட்ட சுவடிகளிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார். பல நாடுகளிலே, பல நூற்றாண்டுகளிலே எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒத்திருக்கக் கண்டோர் வாயடைத்தனர். அரசாங்கச் சட்டத்தால் 1901இல் நாடு துறந்து இங்கிலாந்தின் வைற் தீவிற் குடியேறியபோதும் அவர்தம் பணி நிற்கவில்லை. 1908இலே வத்திக்கான் வெளியிட்ட பாடல் நூல் இவ்வுழைப்பின் கனியே.

தாள நடை மட்டும் நெடுங்காலம் வழக்கிலேயே கிடந்தது. பின்னர் கார்தீன் என்னும் துறவி, பழைய எழுத்தாளர் தம் பேனாவை எங்கே எடுத்தனர் என்பதையே ஊன்றி நோக்கினார். குறி துண்டாகும் இடத்திலே குரல் ஊன்றி நிற்கும் எனக் காட்டினார். 1979இல் வந்த நூலொன்று, கோட்டின்மேல் எழுதிய சுரங்களையும் இருவகைப் பழைய குறிகளையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, பாடுவோர் தாமே ஒப்பிட வழிசெய்தது. இன்று சென்ற் கால் சுவடிகளை எவரும் தம் இல்லத்திலிருந்தே கணினித் திரையிற் காணலாம்.

இவ்வளவும் கண்டபின்னும் அறிஞரிடையே கருத்து வேற்றுமை தீர்ந்தபாடில்லை. ‘குயிலிஸ்மா’ என்னும் பல்வரிசை போன்ற குறியைத் துறவிகள் எவ்வாறு பாடினர் என்பது இன்றும் வாதத்துக்குரியது. கண்முன்னே எழுத்து உண்டு. அதைப் பாடிய குரல் இல்லை. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இசிதோர் அஞ்சியது இதையே அன்றோ?

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஏடு வழியைக் காட்டும். வழி நடப்பது குரல். ஏடு இருக்கிறதே என்று செவியை மூடிக்கொண்ட தலைமுறை இசையை இழந்தது. ஏட்டைப் பொறுமையோடு படித்து மீண்டும் வாய்விட்டுப் பாடிய தலைமுறையே அதை ஓரளவேனும் மீட்டது. முதியோர் வாயிலுள்ள பாட்டை அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்தல் நம் கடன்.