சங்கத்தின் மின்னஞ்சலும் அதன் சாவிகளும்

சென்னை அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகம் நம் நாட்டில் மின்னஞ்சல் முதன்முதலில் வேரூன்றிய இடங்களுள் ஒன்றாகும். மத்திய அரசு 1986-ஆம் ஆண்டில் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில் அதுவும் அங்கம் வகித்தது. பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஆரம்பமாயிற்று. அந்நாட்களில் கடவுச்சொல்லை மாற்ற விரும்புவோர் கணிப்பொறிக் கட்டளைகளை அறிந்திருக்க வேண்டும். இல்லையேல், சர்வரைப் பராமரிப்பவரை நாட வேண்டும். இன்றோ மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சிறு கடை வைத்திருப்பவர்கூடத் தம் கைப்பேசியில் ‘அமைப்புகள்’ என்னும் பக்கத்தைத் திறந்து அவ்வேலையைத் தாமே முடித்துக்கொள்ளுகிறார். அதிகாரம் நம் கைக்கு வந்துவிட்டது. அதனுடன் பொறுப்பும் வந்துள்ளது.

சர்வர் என்பது நம் கடிதங்களைப் பெற்று, காத்து, அனுப்பி வைக்கும் கணிப்பொறி. தபால் நிலையம் போன்றது. அதனிடம் நாம் யார் என்பதை மெய்ப்பிப்பது கடவுச்சொல். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் 1960-களில் கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில் எழுதியவாறே வைக்கப்பட்டிருந்தன. ஒரு பிழையால் அக்கோப்பு முழுவதும் எல்லோர் பார்வைக்கும் வந்துவிட்டது. ஆகையால், முறையாக நடத்தப்படும் சர்வர் இன்று கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதைத் திருப்பிப் படிக்க இயலாத ஒரு குறியாக மாற்றி, அக்குறியை மட்டுமே காக்கிறது. சாயம் தோய்த்த நூலிலிருந்து சாயப்பொடியைப் பிரித்தெடுக்க முடியாததைப் போன்றதே இது. ஆதலின், “சோதனைக்காக உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்” என்று கேட்பவர் எவராயினும், அவரை நம்பலாகாது.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. அமைப்புகள் பக்கத்தில் வேறு இரு வாயில்களும் உள்ளன.

முதலாவது, கடிதங்களை வேறொரு முகவரிக்குத் தானாகவே அனுப்பி வைக்கும் ஏற்பாடு. திருட்டுத்தனமாக ஒருமுறை உள்ளே நுழைந்தவன் அங்கே தன் முகவரியை எழுதி வைத்துவிட்டால், கடவுச்சொல் மாறிய பின்னரும் கடிதங்களின் நகல் அவனுக்குச் சென்றுகொண்டே இருக்கக்கூடும். நூல் ஆலையின் பட்டியல் வரும் நாளை அவன் அறிவான். “எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது” என்று ஆலையின் பெயரால் ஒரு பொய்க் கடிதம் வரும். சங்கத்தின் பணம் அவனிடம் போய்ச் சேரும். நெசவாளரின் கூலியும் விவசாயியின் கொள்முதல் தொகையும் அப்பணத்தில் அடங்கியவை என்பதை நாம் மறத்தல் கூடாது.

இரண்டாவது, கடவுச்சொல் மறந்துபோனால் கணக்கை மீட்பதற்கென்று கொடுக்கப்பட்ட தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும். சங்கங்களில் காரியதரிசி மாறும்போது ரொக்கம், கணக்குப் புத்தகம், பீரோச் சாவி ஆகியவை ஒப்படைக்கப்படுகின்றன. மீட்பு எண்ணோ பழைய காரியதரிசியின் எண்ணாகவே இருந்துவிடக்கூடும். அவர் எத்துணை நேர்மையானவராயினும், அந்த எண் பிறர் கைக்குப் போனால் சங்கத்தின் அஞ்சலும் உடன் போகும்.

ஆகவே, நிர்வாகக் குழுவினர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம். பொறுப்பு மாறும் அன்றே கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றி, ஒப்படைப்புப் பட்டியலில் அதைக் குறித்தல் வேண்டும். கடவுச்சொல்லைப் பட்டியலில் எழுதலாகாது. மாதம் ஒருமுறை அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, அஞ்சல் வேறெங்கும் செல்கிறதா என்றும், அறியாத கருவி ஏதேனும் கணக்கில் நுழைந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கடவுச்சொல் நீளமாக இருப்பதே பலம். காரணமின்றி அடிக்கடி மாற்றுவதால் பயன் குறைவு என்று அமெரிக்கத் தர நிர்ணய நிலையம் 2017-இல் அறிவுரை கூறியது. சந்தேகம் எழுந்தால் உடனே மாற்றுக. கடவுச்சொல்லுடன் கைப்பேசியின் உறுதிமொழியையும் கேட்கும் இரட்டைச் சோதனையை ஏற்படுத்திக்கொள்க.

வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், முன்பே நம்மிடமுள்ள எண்ணில் அந்த ஆலையாருடன் பேசி உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும். பணம் போய்விட்டதாயின், தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். விரைவில் தெரிவித்தால், பணம் மேலும் கைமாறுமுன் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு.

இவை யாவும் கால்மணி நேர வேலைதான். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.