உறக்கத்தில் பல் கடித்தல்: காரணமும் பரிகாரமும்

ஊர் அடங்கிய நள்ளிரவில், உறங்கிக்கொண்டிருக்கும் சிறுவனின் வாயிலிருந்து நறநறவென்று ஓசை எழுகிறது. தாய் திடுக்கிட்டு விழிக்கிறாள். பொழுது விடிந்ததும் பாட்டி, "வயிற்றில் பூச்சி இருக்கிறது, பேதிக்குக் கொடு" என்கிறாள். அண்டை வீட்டாரோ, "உறக்கத்தில் பல்லைக் கடிப்பது குடும்பத்துக்கு ஆகாது" என்று அச்சமூட்டுகின்றனர். தன்னைப் பற்றி நிகழும் பேச்சு எதுவென்று அறியாமலேயே சிறுவன் பள்ளிக்குப் புறப்படுகிறான். நம் கிராமங்களில் இக்காட்சியைக் காணாத தெரு அரிது. ஆகவே, இதன் உண்மைக் காரணத்தையும், செய்யத்தக்க பரிகாரத்தையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

பல் கடித்தல் என்றால் என்ன?

நாம் வாளா இருக்கும்போது மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. உதடுகள் மூடியிருப்பினும் பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை கூடுகின்றன. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, காதுக்கு முன்னே கன்னத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு தசை புடைத்தெழுவதை உணரலாம். தாடையை மூடும் வலிமை மிக்க தசை அது. உறக்கத்தில் அத்தசை நம்மையறியாமல் இறுகி, கீழ்த்தாடை பக்கவாட்டில் அசைவதாலேயே அந்த ஓசை பிறக்கிறது.

திரிகையில் தானியம் இருக்கும்வரை தானியம் அரைபடும். தானியமின்றிச் சுற்றினாலோ கல்லோடு கல் உரசிக் கல்லே தேயும். உறக்கத்தில் பல் கடிப்பதும் அத்தகையதே. மேலும், உணவை மெல்லும்போது தோன்றும் விசையைக் காட்டிலும் அதிகமான விசை அவ்வேளையில் பற்களின்மீது விழுவதுண்டு.

காரணங்கள் யாவை?

பற்கள் வரிசை தவறியிருப்பதே காரணம் என்று முற்காலத்தில் மருத்துவர்கள் கருதினர். இன்றைய ஆராய்ச்சியோ, இதன் மூலம் பெரும்பாலும் மூளையில் இருக்கிறது என்று காட்டுகிறது. உறங்கும் மனிதனின் மூளை இரவில் பலமுறை சில நொடிகள் விழிப்பு நிலையை நெருங்கி, மீண்டும் உறக்கத்தில் ஆழ்கிறது. அந்நொடிகளில் இதயத் துடிப்பு விரைவடைகிறது. சிலருக்குத் தாடைத் தசையும் உடனே இறுகிவிடுகிறது.

இவ்வாறு உறக்கம் கலைவதை மிகுவிப்பவை பல. முதலாவது மனக்கவலை. கடனையும் பொய்த்த மழையையும் எண்ணி வருந்தும் குடியானவனை, "பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறான்" என்று கூறுகிறோமல்லவா? பகலில் அடக்கிய கவலை இரவில் உண்மையாகவே பல்லைக் கடிக்கச் செய்துவிடுகிறது. இரண்டாவது புகையிலை, மது, மாலைக்குமேல் மிகுதியாகப் பருகும் காப்பி, தேநீர் ஆகியவை. மூன்றாவது, உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று மீளும் நோய். மனச்சோர்வுக்காக உண்ணும் சில மருந்துகளாலும் இது தோன்றுவதுண்டு. ஒரே குடும்பத்தில் பலருக்கு இப்பழக்கம் காணப்படுவதும் உண்டு.

வயிற்றுப் பூச்சியா?

பூச்சியே பல் கடிப்பதற்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பூச்சியில்லாக் குழந்தைகளும் பல் கடிக்கின்றனர். பூச்சியுள்ள குழந்தைகளில் பலர் கடிப்பதில்லை. எனினும் கீரிப்பூச்சி என்னும் நூல் போன்ற வெண்ணிறப் புழு இரவில் ஆசனவாயருகே முட்டையிட்டு அரிப்பை உண்டாக்கி உறக்கத்தைக் கெடுக்கும். ஆதலின், பூச்சி மருந்து கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அதனை முறைப்படி கொடுத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக அளிக்கப்படுகிறது. அதை விடுத்து, ஓசை கேட்கும்போதெல்லாம் கடும் பேதி மருந்தைப் புகட்டுவது தீங்காகும். பேதி மிகுந்தால் பிஞ்சுடலின் நீர் வற்றி, உயிருக்கே ஆபத்து நேரலாம். பல் கடிப்பதால் குழந்தைக்கு அத்தகைய ஆபத்து ஒருபோதும் நேர்வதில்லை. அறியாது செய்யும் வைத்தியத்தால் நேரக்கூடும்.

குடும்பத்துக்கு ஆகாது என்பதும் வெறும் அச்சமே. குழந்தைகளிடம் இது மிகவும் பரவலாகக் காணப்படுவது. பெரியவர்களில் ஏறத்தாழ 100க்கு 8 பேரிடம் இப்பழக்கம் உண்டு எனக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. வயது ஏற ஏற இது குறைந்துகொண்டே வருகிறது.

விளையும் தீங்குகள்

பல்லின் மேற்பூச்சாக அமைந்த எனாமல், எலும்பினும் கடினமானது. ஆயினும் அதில் உயிரணுக்கள் இல்லை. எலும்பு கூடுவது போல் அது மீண்டும் வளர்வதில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். எனாமல் தேய்ந்தால் குளிர்ந்த நீரும் புளிப்பும் பல்லில் கூச்சத்தை உண்டாக்கும். நாளடைவில் பல் விண்டுபோதலும் கூடும். காலையில் எழும்போது தாடை அயர்ச்சி, நெற்றிப்பொட்டில் வலி, காதருகே நோவு ஆகியவை இருப்பின், இரவில் பல் கடித்தோமோ என்று ஐயுற வேண்டும். உறங்குபவர் தாமே இதனை அறிவதில்லை. அருகில் படுப்போரே அறிவர்.

பரிகாரம்

குழந்தைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் எவ்வித மருந்தும் வேண்டுவதில்லை. பால்பற்கள் 20ம் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து, குமரப் பருவம் எய்துவதற்குள் இப்பழக்கம் தானே மறைந்துவிடும். குழந்தையை அதட்டவோ எழுப்பவோ வேண்டாம். நேரத்தோடு உறங்கச் செய்து, பள்ளியிலோ வீட்டிலோ அச்சம் ஏதும் உண்டா என அன்போடு விசாரித்தல் போதும். ஆனால் குழந்தை குறட்டை விட்டு, வாயால் மூச்சுவிட்டு, பகலில் சோர்ந்திருந்தால், தொண்டைச் சதையும் மூக்கின் பின்புறச் சதையும் வீங்கியிருக்கலாம். அத்தகைய குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

பெரியவர்கள் செய்யத்தக்கவை சில. புகையிலையையும் மதுவையும் விலக்குதல்; மாலைக்குப்பின் காப்பி, தேநீரைத் தவிர்த்தல்; படுக்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் ஒற்றடமிடுதல். பகலில் ஏர் ஓட்டும்போதும் சுமை தூக்கும்போதும் பல்லை இறுக்கும் வழக்கமுடையோர், "உதடு சேர, பல் பிரிய" என்பதை நினைவிற்கொண்டு தாடையைத் தளர்த்தப் பழக வேண்டும். பல் தேய்ந்திருந்தால், பல் மருத்துவர் வாயின் அச்செடுத்து, இரவில் அணியத்தக்க கவசம் ஒன்றைச் செய்து கொடுப்பார். கவசம் நோயைத் தீர்ப்பதன்று, பல்லைக் காப்பது. சந்தையிலும் சாலையோரத்திலும் பல் பார்ப்போரிடம் சென்று, பல்லை அராவச் செய்தலும் பிடுங்கச் செய்தலும் கூடாது.

குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வருமானால், அதனைப் பொருட்படுத்தாதிருத்தல் பெருந்தவறு. இரத்த அழுத்தமும் இதய நோயும் அதனைத் தொடரக்கூடும். அவ்வாறு இரவு உறக்கம் கெட்டவர் பகலில் டிராக்டர் ஓட்டினால் கண்ணயர்ந்து விபத்துக்கு உள்ளாதலும் கூடும். மனச்சோர்வுக்கு மருந்துண்போர் அதனைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். கவலை தாங்கவொண்ணாதபோது, 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மனநல ஆலோசனைக்கான 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி சிறிதன்று. குடற்புழு நீக்க நாளில் ஒரு குழந்தையும் விடுபடாதவாறு கவனித்தல், கழிப்பறைகளைப் பயன்படுத்தச் செய்தல், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் பற்களையும் சோதிக்குமாறு வேண்டுதல் ஆகியவை எளிதில் இயல்பவை. கிராம சபை கூடும் நாளில், கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இச்செய்திகளை மக்களுக்கு எடுத்துரைக்கச் செய்தலும் பயன் தரும். கடன் சுமையால் உறக்கமிழந்த குடியானவனைக் கண்டறிந்து, கூட்டுறவுச் சங்கத்திலும் பயிர்க் காப்பீட்டிலும் அவனுக்குரிய உதவி கிட்டுமாறு வழிகாட்டுதலும் இதனைச் சார்ந்ததே. அவன் மனம் ஆறினால் பல்லும் ஆறும்.

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. இரவில் எழும் அந்த நறநற ஓசை தீய சகுனமன்று. உடலும் உள்ளமும் நமக்கு அனுப்பும் செய்தி. அதனை அஞ்சாமலும் அலட்சியம் செய்யாமலும் காரணத்தை ஆராய்ந்து ஆவன செய்வோமாயின், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக உறங்குவர்.