கிரகணத்தின் மேல் பழி போட்டோம்!

மகளை மடியில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கவனித்தேன். 2020 செப்டம்பரில் பிறந்தவள். அப்போது மூன்று மாதம். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் வழியே மார்கழி வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இடது கண்ணின் பாப்பா வட்டமாக இல்லை. கீழ்ப்பக்கம் இழுத்துவிட்டாற்போல, பழைய பூட்டின் சாவித் துவாரம் மாதிரி இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "கிரகணத்தன்னிக்குக் காய் நறுக்காதேன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டியா?"

2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, சூரிய கிரகணம். எனக்கு ஏழாம் மாதம். பசி தாங்காமல் நாலு வெண்டைக்காய் நறுக்கியது உண்மைதான். அந்த வெண்டைக்காய் என்னை ஒன்றரை வருஷம் தூங்க விடவில்லை, சகோதரிகளே!

பக்கத்தில் காட்டிய ஒரு டாக்டர், "மச்சம் மாதிரி இதுவும் பிறவியிலே வர்றதுதான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். ஒன்றரை வயதில் அந்தக் கண் வெளிப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தபோதுதான் விழித்துக்கொண்டோம். 2022-இல் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்த்த லேடி டாக்டர், "இதுக்குக் கொலோபோமான்னு பேரு" என்றார். பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டுக்குத்தான் வருமாம். கருவில் கண் முதலில் ஒரு கிண்ணம்போல உருவாகிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும். கரு உண்டான ஐந்தாவது வாரத்தில் அது மூடத் தொடங்கி, ஏழாவது வாரத்துக்குள் தைத்ததுபோல ஒன்று சேர்ந்துவிட வேண்டும். சேராமல் நின்ற இடம்தான் அந்தச் சாவித் துவாரம். அதனால்தான் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகவே இருக்கிறது. வெளியே தெரிவது கொஞ்சம்தான். என் மகளுக்கு அந்தப் பிளவு பின்னால் விழித்திரை வரை போயிருந்தது.

தயங்கித் தயங்கி வெண்டைக்காய்க் கதையைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "பிப்ரவரியிலேயே முடிஞ்சுபோன சமாசாரம்மா. ஜூன் மாசக் கிரகணம் என்ன செய்யும்?" அங்கேயே அழுதுவிட்டேன்.

கதை அதோடு முடியவில்லை. "இது சில குடும்பங்கள்ல பரம்பரையா வரும். பல பேருக்குக் காரணமே தெரியாது. எதுக்கும் நீங்க ரெண்டு பேரும் கண்ணைக் காட்டுங்க" என்றார். என் கண்ணில் ஒன்றுமில்லை. என் கணவரின் வலது கண்ணுக்குள், பின்பக்கம், சின்னதாக அதே பிளவு! வெளியே பாப்பா வட்டமாக இருந்ததால் முப்பத்து நாலு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. 'இவரைச் சுமந்தபோது எந்தக் கிரகணத்தில் எந்தக் காயை நறுக்கினீர்கள், அத்தை?' என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

சில குழந்தைகளுக்கு இதோடு இதயம், காது இவற்றிலும் குறை இருக்கலாம் என்பதால் ஜிப்மரில் அவற்றையும் பார்த்தோம். நல்லவேளை, பழுதில்லை.

பிளவை ஆபரேஷன் செய்து புதிதாகக் கண் கட்டித் தர முடியாது. ஆனால் இருக்கிற பார்வையை வளர்க்கலாம். மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பி, மற்றதைச் சோம்பேறியாக்கிவிடுமாம். அதனால் கண்ணாடி போட்டு, தினம் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூட வேண்டும். சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். ஒன்றரை வருஷம் போய்விட்டதே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு.

சொல்வது சுலபம்! முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். பிறகு ஒரு யுக்தி செய்தேன். மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் முறத்தில் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் கலந்து கொடுத்துப் பொறுக்கச் சொல்வேன். வாயில் போட்டுவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது கோலப் புள்ளிகளைச் சேர்க்கிறாள்.

வெயிலில் கண் கூசுவதால் விளிம்பு வைத்த தொப்பி. கண்ணாடியில் எளிதில் உடையாத பிளாஸ்டிக் வில்லை; நல்ல கண்ணுக்கும் அதுவே காவல். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும் கண்ணில் விடுவதில்லை.

டாக்டர் அழுத்திச் சொன்ன எச்சரிக்கை ஒன்று. பிளவின் ஓரத்தில் விழித்திரை பிரிந்துகொள்ளலாம். பெரியவர்கள் என்றால் மின்னல் வெட்டுகிறது, திரை விழுந்தாற்போல் இருக்கிறது என்று சொல்வார்கள். உடனே ஓட வேண்டும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவளக்குப்பம் போகிறோம். என் கணவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை.

போன தடவை இடது கண்ணால் மட்டும் எழுத்துப் பலகையில் நாலாவது வரி வரை படித்தாள். இப்போது ஒட்டுத்துணி ஒட்டுவது மாமியாரின் பொறுப்பு. ஒரு நிமிஷம் குறைய விடமாட்டார். "நீங்களும் ஒரு தடவை கண்ணைக் காட்டுங்க அத்தை" என்றால் மட்டும், "சொட்டு மருந்து விட்டா சாயங்காலம் சீரியல் பார்க்க முடியாதேடீ" என்று தள்ளிப்போடுகிறார்.