கடைசிக் கம்பத்துக் கணக்கு

சாமை தீட்டும் மிஷினைப் போட்ட கணத்தில் பக்கத்து வீட்டு பல்பு சட்டென்று மங்கும். இரண்டு நொடியில் தெளியும். ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வீடு டி.வி., மிக்சி ஓட ஆரம்பித்தால் ஃபேன் சோம்பலாகச் சுற்றும். மலையூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 'லோ வோல்டேஜ்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் தெரிந்தால் போதும், குற்றவாளியைப் பிடித்துவிடலாம்.

நான் சொல்வது எடப்புளி நாட்டுச் சங்கதி. கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று அது. இங்கே 'நாடு' என்றால் ஓர் ஊராட்சி. மிளகும் காப்பியும் பலாவுமாக இருக்கும் மலையில் சிற்றூர்கள் சரிவுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். சமவெளியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி நாலு தெரு அடங்கிவிடும். மலையில் அதே அளவு வீடுகளுக்குக் கம்பி மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் போக வேண்டும். வினையே அந்த நீளத்தில்தான்.

1827-இல் ஜெர்மானியர் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது அந்த வகுத்தல். அவர் பள்ளி ஆசிரியர். சொந்த நாட்டிலேயே முதலில் யாரும் சட்டை செய்யவில்லை. 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. அவர் சொன்னது சுலபம்: வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் தடை, அதாவது ஓம். இனி பெருக்கல்: அதே இரண்டையும் பெருக்கினால் வாட்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது 4.35 ஆம்பியர். வகுத்தால் தடை 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 3.4 ஆம்பியர்தான் ஓடும். பெருக்கினால் 612 வாட். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, சூடு போனதோ ஐந்தில் இரண்டு பங்கு. சட்டைச் சுருக்கம் போகாததற்குப் பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

இந்தக் கணக்கில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பழைய 60 வாட் குண்டு பல்பின் தடை கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும். கழற்றி வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 65 காட்டியது. மீட்டர் பழுது என்று நினைத்தேன். பழுது என் புத்தியில். டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரிக்கு மேல் சுடும், தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஆகவே ஓடுகிற பொருளின் தடை வேண்டுமென்றால் ஓடும்போதே வோல்ட்டும் ஆம்பியரும் எடுக்க வேண்டும். லைன்மேன்கள் கம்பியைச் சுற்றிக் கவ்வவிட்டு ஆம்பியர் பார்க்கும் 'டாங் டெஸ்டர்' இதற்குத்தான்.

இப்போது கம்பிக்கு வருவோம். 20 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1.4 ஓம் தடை. கரண்ட் போகவும் வரவும் வேண்டுமே, ஆக 2.8. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைசிக் கம்பத்து வீடுகள் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 28 வோல்ட் காலி. 20 இழுத்தால் 56 வோல்ட் போய், வீட்டுக்கு வந்து சேர்வது 174. கம்பி வீணாகச் சூடாவது 1,120 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை வெட்டவெளியில் எரியவிட்ட மாதிரி.

மோட்டாரின் சங்கதி வேறு. அது வெறும் தடை இல்லை. வோல்டேஜ் குறைந்தால் வேலையை முடிக்க அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கால் பங்கு கூடினாலே காயிலில் சூடு ஒன்றரை மடங்கு. அப்புறம் புகை, காயில் கட்டும் கடை, இரண்டாயிரம் மூவாயிரம் செலவு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைக்குச் சிறுதானியம் தீட்டும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததில் பெண்களின் உலக்கை வேலை குறைந்தது. மோட்டார் எரிந்தால் மறுபடி உலக்கைதான்.

'ஸ்டெபிலைசர் வாங்கிக்கொள்' என்பார்கள். அந்த இஸ்திரிப் பெட்டியையே ஸ்டெபிலைசரில் மாட்டிப் பாருங்கள். 180 வோல்ட்டில் 3.4 ஆம்பியர் எடுத்தது இப்போது 5.6 எடுக்கும். கம்பியில் இழப்பு இன்னும் கூடும். என் வீட்டு ஸ்டெபிலைசர் பக்கத்து வீட்டு வோல்டேஜைத் தின்னும். இது தீர்வே இல்லை.

தீர்வு டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டிலேயே பொறித்திருக்கிறது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 11,000 வோல்ட் பக்கம் 5.25 ஆம்பியர், 433 வோல்ட் பக்கம் 133 ஆம்பியர். ஒரே சக்தி, இருபத்தைந்தில் ஒரு பங்கு ஆம்பியர். ஒரே பருமன் கம்பி என்றால் இழப்பு அறுநூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே 11,000 வோல்ட் கம்பியை ஊர் வாசல்வரை கொண்டுவந்து, அங்கே 16, 25 கே.வி.ஏ.யில் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். மரம் அடர்ந்த மலையில் அது லேசான வேலை இல்லைதான். ஆனால் கேட்டால்தானே நடக்கும்.

கேட்கும்போது 'வோல்டேஜ் இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பிளக்கில் செருகும் சிறு வோல்ட்மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு வாரம் காலையும் ராத்திரி ஏழு மணியும் பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வைத்த எல்லை 6 சதவீதம். 230 என்றால் 216-க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தத் தாளின் நகலோடு மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் பேசும்போதும் மின் இணைப்பு எண்ணோடு அந்த அளவுகளையும் சொல்லுங்கள்.