பானெட்டுக்குள் ஒரு கூமுட்டை

இரவில் திண்டிவனம் தாண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது பூச்சிகள் வந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். வைப்பரை மட்டும் போட்டால் அது இன்னும் இழுவிவிட்டு, எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவும். வேறு வழியில்லாமல், மாதக்கணக்கில் தொடாத வாஷர் லீவரை இழுப்பீர்கள். தண்ணீர் பீய்ச்சும், கண்ணாடி தெளியும். கூடவே ஏசி துவாரத்திலிருந்து கூமுட்டை உடைந்த மாதிரி ஒரு நாற்றம் குப்பென்று வரும். பின்சீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஏதோ சாக்கடை போகிறது என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். மறுநாள் ஒரு வாசனைப் புட்டி வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுவோம்.

முடிந்திருக்காது. அடுத்த முறை லீவரை இழுக்கும்போது கூமுட்டையும் மல்லிகையும் சேர்ந்து வரும். தனியாக வந்த நாற்றமே தேவலை என்று தோன்றும்.

நாற்றம் பிறக்கும் இடம் வாஷர் டேங்க். காரின் பாகங்களிலேயே அதிகம் மறக்கப்படுவது இதுதான் என்று சொல்லலாம். பானெட்டைத் திறந்தால், கண்ணாடியில் தண்ணீர் தெறிப்பது போல் படம் போட்ட ஒரு மூடி தெரியும். பல வண்டிகளில் அது நீல நிறம். டேங்க் மட்டும் கண்ணில் படாது. முன் பம்பருக்குப் பின்னாலோ சக்கரத்தின் மேல் வளைவுக்கு உள்ளேயோ ஒளிந்திருக்கும். சின்ன கார்களில் இரண்டு, மூன்று லிட்டர் பிடிக்கும். பெரிய வண்டிகளில் ஐந்து லிட்டர் வரை போகும். அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகிய 12 வோல்ட் குட்டி மோட்டார். அதிலிருந்து கண்ணாடிக்கு ஓடும் மெல்லிய டியூப். கடைசியில் குண்டூசி நுழையும் அளவு துளையோடு நாஸில். இவ்வளவுதான் மொத்த ஏற்பாடு.

பானெட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் காருக்குள் எப்படி நாறுகிறது? முன் கண்ணாடியின் அடிவிளிம்பில் கறுப்பு பிளாஸ்டிக் ஜாலி ஒன்று இருக்கிறதே, அதன் வழியாகத்தான் ஏசி ப்ளோயர் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. கண்ணாடியில் அடித்த தண்ணீர் வழிந்து போய்ச் சேர்வதும் அதே இடம்தான். நாஸில் தண்ணீரைப் பொடித் துளிகளாகச் சிதறடிக்கிறது. துளி பொடியாகப் பொடியாக அதில் கரைந்திருக்கும் வாயு சுலபமாக வெளியேறும். வெளியேறியதை ப்ளோயர் அப்படியே உள்ளே இழுத்து நம் முகத்தில் ஊதுகிறது. ஆக, சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திவிட்டு வாஷரை அடியுங்கள். நாற்றம் வெகுவாகக் குறைந்தால் பழி வாஷர் மேல்தான். வாஷரைத் தொடாமலே, ஏசி போட்ட முதல் நிமிடம் ஈரச் சாக்ஸ் வாடை அடித்தால் அது ஏசிக்குள் பூத்த பூஞ்சை. அதற்கு வைத்தியம் வேறு. இன்னொரு வழி இதைவிட நேரடியானது: டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது.

தண்ணீர் ஏன் கெடுகிறது என்பதில் நம் ஊர் வாழ்க்கை முறைக்கும் பங்குண்டு. காலையில் வாட்ச்மேனோ கார் துடைக்க வருபவரோ ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகக் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிடுகிறார். மழைக்காலத்தில் வானமே கழுவிவிடுகிறது. எனவே வாஷருக்கு வேலையே இல்லை. போன தீபாவளிக்கு நிரப்பிய தண்ணீர் கத்திரி வெயிலையும் அதே டேங்கில் கழிக்கிறது. பக்கத்தில் இன்ஜின் சூடு, மேலே வெயில், உள்ளே இருட்டு. பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான விடுதி கிடைக்காது.

போதாததற்கு நாம் ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். அதில் உப்பு உண்டு, பல இடங்களில் இரும்பும் சல்பேட்டும் உண்டு. டேங்கின் சுவரில் வழவழவென்று ஒரு படலம் முதலில் படிகிறது. படலத்துக்கு அடியில் காற்றுப் புகாத இடம் உண்டாகிறது. ஆக்ஸிஜன் இல்லாத அந்த இடத்தில் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் ஒரு வகை பாக்டீரியா குடியேறி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகிறது. கூமுட்டையில் வருவதும் இதே வாயுதான். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தும் நாறலாம். மெட்ரோ வாட்டர் ஊற்றினால் குளோரின் காப்பாற்றாதா என்றால், வெயிலில் கிடக்கும் டேங்கில் அது சில நாள்கூடத் தங்காது.

இனி ஷாம்பு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கிள்ளி டேங்கில் ஊற்றுவது நம்மிடையே தலைமுறை தாண்டி வரும் வழக்கம். டாக்ஸி ஸ்டாண்டில் அனுபவஸ்தர் ஒருவர் சொல்லியிருப்பார், அவருக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார். ஊற்றிய முதல் வாரம் நுரை வரும், வாசனையும் வரும். யோசனை பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இன்றைய ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாமே எளிதில் மக்குபவை. மக்குவது என்றால் கிருமி அதைத் தின்கிறது என்றுதான் பொருள். சும்மா கிடந்த தண்ணீருக்குச் சாப்பாடு போட்ட கதை இது. தலைமுடியைப் பட்டுப்போல ஆக்கச் சேர்க்கும் வழவழப்புப் பொருள் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாக ஒட்டி, இரவில் கண்ணைக் கூசவைக்கும். டேங்கில் ஷாம்பு ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடலாம்.

ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்துகிற சிக்கனக்காரர்களும் உண்டு. நோக்கம் நல்லதுதான், இடம் தவறு. வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. நாஸில் துளை சீக்கிரமே அடைபடும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றம்தானே, மூக்கைப் பிடித்துக்கொண்டால் போயிற்று என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. வந்தவர்களில் 29 பேர் இனம் தெரியாத நிமோனியாவில் இறந்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் கிருமி பிடிபட்டது. மாநாடு நடத்திய ‘அமெரிக்கன் லீஜன்’ அமைப்பின் பெயரிலேயே அதற்கு லீஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளர்ந்து, பொடித் துளிகளாகக் காற்றில் மிதந்து, நுரையீரலுக்குள் போவது அதன் வழி. அதே வெதுவெதுப்பும் தேக்கமும் பொடித் துளியும் வாஷரிலும் இருக்கின்றன.

பிரிட்டனில் இந்த நோய் வந்தவர்களில் ஓட்டுநர் தொழில் செய்பவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை கவனித்தது. 2010இல் வெளிவந்த அதன் ஆய்வு, டேங்கில் வாஷர் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுவது முக்கியமான அபாயம் என்று காட்டியது. திரவம் கலக்காத கார்களில் ஐந்தில் ஒன்றில் லீஜியோனெல்லாவின் தடயம் கிடைத்தது. கலந்த கார்களில் கிடைக்கவில்லை. எல்லோரும் திரவம் கலந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சமூகத்தில் தனித்தனியாக வரும் நோயாளிகளில் சுமார் 20 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்றும் கணித்தார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் வெயில் மாநிலமான அரிசோனாவில் பள்ளிப் பேருந்துகளின் வாஷர் நீரைப் பரிசோதித்தபோதும் பெரும்பாலான மாதிரிகளில் இந்தக் கிருமி இருந்தது. அந்தக் கிருமி பெருகுவதற்குத் தோதான வெப்பம் சுமாராக 20 முதல் 45 டிகிரி. நம் ஊரில் வருஷம் முழுக்க அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறோம்.

இதைச் சொல்வது பீதியைக் கிளப்ப அல்ல. வாஷர் அடித்தவருக்கெல்லாம் நிமோனியா வருவதில்லை. கூமுட்டை வாடையை உண்டாக்குவதும் லீஜியோனெல்லா அல்ல. ஆனால் இரண்டும் குடியிருப்பது ஒரே வகைத் தண்ணீரில். வயதானவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் பயணிக்கும் வண்டி என்றால் இதை ஒத்திப்போடாதீர்கள்.

சுத்தம் செய்வது அரை நாள் வேலைகூட இல்லை. முதலில் பழைய தண்ணீரை முழுக்க வெளியேற்ற வேண்டும். லீவரை இழுத்து இழுத்தே காலி செய்யலாம் என்று பலர் ஆரம்பிப்பார்கள். மோட்டாரைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஓட்டினால் சூடாகும். தண்ணீரே இல்லாமல் ஓடினால் கருகிவிடும். கை பம்பும் நீள டியூபும் இருந்தால் மூடி வழியாகவே உறிஞ்சி எடுத்துவிடலாம். பெட்ரோல் எடுக்கிற பாணியில் டியூபில் வாயை வைத்து இழுக்கும் வீரச்செயல் மட்டும் வேண்டாம். மெக்கானிக்கிடம் விட்டால் சக்கரத்து உள்மறைப்பைக் கழற்றி, அடியிலிருக்கும் மோட்டாரை உருவிவிடுவார். தண்ணீர் மொத்தமும் கசடோடு கொட்டிவிடும். இதுவே சிறந்த முறை. மோட்டார் உறிஞ்சும் வாயில் இருக்கும் சல்லடையையும் அப்போதே கழுவிவிடலாம். பாதி நாற்றம் அந்தச் சல்லடையில்தான் பதுங்கியிருக்கும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை வினிகரும் சம அளவில் கலந்து டேங்கை நிரப்பி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நாஸிலுக்குப் போகும் டியூபை பானெட்டுக்கு அடியில் கழற்றி, ஒரு வாளிக்குள் விட்டு லீவரை இழுத்தால், டியூபுக்குள் படிந்த பாசி கண்ணாடியிலும் ஜாலியிலும் படாமல் வாளிக்குள் வந்து விழும். வருகிற கறுப்பும் பச்சையுமான நூல்களைப் பார்த்தால் ஷாம்பு ஆசை தானாகவே போய்விடும். அடுத்து வெறும் தண்ணீரால் இரண்டு தடவை அலசுங்கள். அதற்கும் அடங்காத வழவழப்பு இருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஊற்றி, நுரைத்து அடங்கியதும் அலசலாம். நன்றாக அலசிய பிறகே அடுத்த பொருள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். கரையாத சுண்ணாம்பு நாஸிலை அடைக்கும். பெயின்டில் பட்டால் தழும்பு விழும். வினிகர் மிச்சம் இருக்கும் டேங்கில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சைப் பிடிக்கும் விஷம்.

நாஸிலை மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, கண்ணாடிக்கு அடியிலுள்ள ஜாலியில் சேர்ந்திருக்கும் வேப்பஞ்சருகையும் புங்கம்பூவையும் அள்ளிப் போட்டுவிடுங்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அந்தச் சருகே தனியாக அழுகி நாறும்.

பின் கண்ணாடிக்கும் வைப்பர் உள்ள வண்டிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பின்பக்கம் போகும் டியூப் முன்னாலிருந்து கிளம்பி, காருக்குள் ஓரமாகவோ கூரைத் துணிக்கு மேலாகவோ முழு நீளமும் ஓடுகிறது. அதில் தேங்கும் தண்ணீர் முன்பக்கத்தைவிட அதிகம், பயன்பாடோ அதைவிடக் குறைவு. சுத்தம் செய்யும் அன்று பின் வாஷரையும் நன்றாக அடித்துக் காலி செய்ய வேண்டும். லீவரைத் தள்ளியும் பின் கண்ணாடியில் தண்ணீர் வராமல் டேங்க் மட்டும் குறைந்துகொண்டே போனால், வழியில் எங்கோ இணைப்பு விட்டுப்போய் வண்டிக்குள்ளேயே கொட்டுகிறது என்று அர்த்தம். கார்ப்பெட்டுக்கு அடியில் பூஞ்சை பிடித்த பிறகு எத்தனை டேங்க் கழுவினாலும் வாடை போகாது.

மறுபடி நிரப்பும்போது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும் வாஷர் திரவமும் போதும். பனி பெய்யும் நாட்டுக்காரர்களுக்குத்தானே இந்தத் திரவம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அங்கே உறையாமல் இருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. அதே ஆல்கஹால்தான் கிருமியையும் அடக்குகிறது. டப்பாவில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். பத்து மடங்கு என்றால் ஐம்பது மடங்காக நீட்டிச் சிக்கனம் பிடித்தால், அடக்கும் சக்தி போய், அதுவும் கிருமிக்குச் சாப்பாடாகிவிடும். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டை இதில் ஊற்றக் கூடாது. வழுக்கலான படலம் படிந்து கண்ணாடியை மறைக்கும்.

வாங்கும்போது டப்பாவில் மெத்தனால் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019 மே முதல், மெத்தனால் 0.6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வாஷர் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை விதித்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். வாஷர் திரவம் பெரும்பாலும் நீலமாக, பழரசம் போல இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு சில நூறு ரூபாய். செலவைவிட முக்கியமான ஒன்று, வாரம் ஒரு முறையாவது முன்னும் பின்னும் வாஷரை அடித்து, தண்ணீரை நகரவைப்பது. அடுத்த முறை சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது, வாஷர் டேங்க் நிரப்பியாயிற்று என்று சொல்வார்கள். எந்தத் தண்ணீரை நிரப்பினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.