பூங்காவில் நின்ற வீனஸ்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இன்று காணப்படும் ‘டாரிட் வீனஸ்’, ஒரு காலத்தில் பூங்காச் சிலை. கிரேக்கர்களின் அஃப்ரோடைட் வடிவத்தைப் பின்பற்றி ரோமானியர் காலத்தில் செதுக்கிய ஆளுயரப் பளிங்கு உருவம் அது. கைகள் இரண்டும் உடைந்துபோயின. ஆனாலும் தலையை ஒருபுறம் திருப்பி நிற்கும் நிலையின் அழகு கெடவில்லை.

ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டருக்காக அவருடைய முகவர் அதை ரோமில் வாங்கினார். பழஞ்சிலைகளை வெளியே கொண்டுபோகப் போப்பின் ஆட்சி தடை விதித்திருந்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகே சிலை கிளம்பியது. அதற்கு ஈடாகப் புனித பிரிஜிட்டின் திருப்பண்டங்களைத் தர மன்னர் இசைந்ததாகச் சொல்வார்கள். 1720-களில் அது நெவா நதிக்கரையின் கோடைப் பூங்காவில் நின்றது. தேவாலயச் சுவர்களில் தட்டையான புனிதர் படங்களையே பார்த்து வளர்ந்த மக்களுக்கு, ஆடையற்ற அந்நிய தெய்வம் பெரும் அதிர்ச்சி. சிலைக்குச் சேதம் நேராதிருக்க ஒரு காவலரை நிறுத்தினார் பீட்டர்.

காவலரால் தடுக்க முடியாதது குளிர். பளிங்கு பார்வைக்கு இறுகிய கல்; உண்மையில் அதில் நுண்ணிய இடுக்குகள் உண்டு. உள்ளே புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து, கல்லை உள்ளிருந்தே நெம்பும். புகையிலுள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து பளிங்கின் சுண்ணாம்புச் சத்தை ஜிப்சமாக்கும். அது உதிரும்போது மூக்கு நுனி, விரல், ஆடை மடிப்பு என்று சிற்பி அதிகம் பாடுபட்ட இடங்களே முதலில் மழுங்குகின்றன. அதனால்தான் அந்தப் பூங்காவில் குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு சிலையையும் மரப்பெட்டியால் மூடிவைப்பது வழக்கமானது.

வீனஸ் பின்னர் டாரிட் அரண்மனைக்குள் போனது. பெயரும் அங்கே கிடைத்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மிடாஜை அடைந்தது. வெனிஸ் சிற்பிகள் பலர் செதுக்கிய மற்ற சிலைகளோ பூங்காவிலேயே நின்றன. 1777 வெள்ளம் நீரூற்றுகளை நாசமாக்கியது. 1941-இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது சிலைகளைப் பூங்கா மண்ணிலேயே புதைத்துக் காப்பாற்றினார்கள். ஒரு நகரம் தன் சிலைகளிடம் காட்டிய பரிவுக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

2012-இல் சீரமைப்பு முடிந்து பூங்கா திறந்தபோது, அங்கே செயற்கைப் பளிங்கு நகல்கள் நின்றன. உண்மைப் பளிங்கில் வெளிச்சம் சற்றே உள்ளிறங்கித் திரும்புவதால் தோலின் மென்மை தோன்றும். நகலில் அது வருவது அரிது. மூலச் சிலைகள் மொய்க்கா ஆற்றுக்கு அப்பால், கூப்பிடு தூரத்திலுள்ள மிகாய்லோவ்ஸ்கி கோட்டைக்குள் இருக்கின்றன.